‘சார், இது எஸ்டிமேட்டில் இல்லையே!’

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், பொதுப்பணித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற சி பிளாக் உறுப்பினர் ஆற்றிய உரை. ஒலிப்பதிவிலிருந்து எழுதி, அவரே திருத்திக் கொடுத்தது.)

இந்த நேரத்தை நானேதான் செயலாளரிடம் கேட்டு வாங்கினேன். 20 நிமிடம் கொடுத்திருக்கிறார். ஓய்வு பெற்ற இன்ஜினீயர் கையில் மைக்கைக் கொடுப்பதில் உள்ள ஆபத்து தெரிந்தே கொடுத்திருக்கிறார், அதற்கு நன்றி.

அடுத்த மாதம் நம் கட்டடத்தில் ரிப்பேர் வேலை தொடங்குகிறது. மொட்டை மாடி வாட்டர்ப்ரூஃபிங், கார் பார்க்கிங் தூண்கள், பால்கனிகளின் அடிப்பகுதி, வெளிப்பூச்சு. கொட்டேஷன்களைப் பிரித்துப் பார்த்து, கான்ட்ராக்டரையும் முடிவு செய்தாயிற்று. ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்து ஆகவில்லை. அதற்குள் ஒரு விஷயத்தைப் பேசிவிட வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன் பெயின்ட் அடித்தோமே, நினைவிருக்கிறதா? பேசிய தொகைக்கு மேல் 3,40,000 ரூபாய் ‘எக்ஸ்ட்ரா’ என்று கடைசி பில் வந்தது. அதை ஒட்டி நடந்த பொதுக்குழுவுக்குப் பிறகு பேச்சை நிறுத்திக்கொண்ட இரண்டு வீட்டார் இன்றும் ஒரே லிஃப்டில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி போகிறார்கள். அப்போதைய பொருளாளரை எனக்கு நன்றாகத் தெரியும். அடுத்தவர் காசில் ஒரு டீ குடிக்காதவர். ஆனால் அந்த 3,40,000 எப்படி வந்தது என்று கேட்டபோது காட்டுவதற்கு அவர் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. ‘மேஸ்திரி கேட்டார், நியாயமாகப் பட்டது, சரி என்றேன்’ என்றார். அது உண்மைதான். உண்மையாக இருந்தும் அந்தப் பொதுக்குழுவில் அது எடுபடவில்லை. அடுத்த வருடம் அவர் பதவியை விட்டுவிட்டார்.

அரசாங்கக் கட்டடங்களைப் புதுப்பிக்கும் வேலையில் நான் 30 வருடத்துக்கு மேல் இருந்தேன். தாலுகா அலுவலகம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி வார்டு, பயணியர் மாளிகை. புதிதாகக் கட்டுவதற்கும் பழையதைச் சீர்செய்வதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு வரியில் சொல்கிறேன். புதிய கட்டடத்தில் நாம் வரைந்ததைக் கட்டுகிறோம். பழைய கட்டடத்தில், பூச்சைத் தட்டிப் பார்க்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால் ‘சார், இது எஸ்டிமேட்டில் இல்லையே’ என்று கான்ட்ராக்டர் வந்து நிற்காத புதுப்பிப்பு வேலை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

லண்டனில் பிக் பென் மணி இருக்கும் எலிசபெத் கோபுரத்தைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். 2017-இல் அதைப் புதுப்பிக்கத் தொடங்கினார்கள். முதலில் போட்ட மதிப்பு சுமார் 2.9 கோடி பவுண்டு. வேலை தொடங்கும் வருடத்திலேயே அது 6.1 கோடி ஆனது. சாரம் கட்டி, ஏறி, கிட்டப் போய்ப் பார்த்தபோது இரண்டாம் உலகப் போர்க் குண்டுவீச்சின் சேதம் நினைத்ததைவிட அதிகம், உள்ளே ஆஸ்பெஸ்டாஸ், கல் வேலைப்பாடுகள் புகையில் அரித்துப் போயிருக்கின்றன என்று தெரிந்தது. 2020-இல் இன்னொரு 1.86 கோடி பவுண்டு கேட்டார்கள். வேலை முடிந்தது 2022-இல், ஏறத்தாழ 8 கோடியில். உலகத்திலேயே அதிகம் போட்டோ எடுக்கப்பட்ட கோபுரங்களில் அது ஒன்று. அதற்கே இந்தக் கதி. நம் சி பிளாக் தூணை யார் போட்டோ எடுத்திருக்கிறார்கள்?

ஆகவே மாற்றம் வரும். வரக்கூடாது என்று நினைப்பது வீண். வரும்போது என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்கிறேன். வீட்டில்கூட அதிகம் பேசாத விஷயம்.

நான் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து சில வருடங்களே ஆன காலம். ஒரு சிறிய ஊரில் பழைய அலுவலகக் கட்டடம். மெட்ராஸ் டெரஸ் கூரை. தேக்கு உத்திரங்களின் மேல் மரச்சட்டங்கள், அவற்றின் மேல் சின்னச் செங்கல்களைக் குத்துவாக்கில் அடுக்கிச் சுண்ணாம்பில் பிடித்திருப்பார்கள். நல்ல வேலை, 100 வருடம் நிற்கும். எஸ்டிமேட்டில் இரண்டு அறைக்கு மட்டும் சட்டம் மாற்ற வேண்டும் என்று இருந்தது. கூரையைப் பிரித்தால், மற்ற மூன்று அறைகளிலும் சுவருக்குள் போகும் சட்டத்தின் முனைகள் மக்கிப் பொடியாக உதிர்கின்றன. வெளியில் பார்த்தால் பாலிஷ் போட்ட மாதிரி மரம். சுவருக்குள் வெறும் தூள். அப்போது புரட்டாசிக் கடைசி. இரண்டு வாரத்தில் அடைமழை.

மேலதிகாரி நேரில் வந்தார். பார்த்தார். ‘செய்யச் சொல்லுங்க, அப்புறம் பாத்துக்கலாம்’ என்றார். நான் கான்ட்ராக்டரிடம் சொன்னேன். அவர் பெரிய ஆள் இல்லை. கொத்தனாராக இருந்து மேலே வந்தவர். கடன் வாங்கி மரம் வாங்கி, ராத்திரியில் லைட் போட்டு வேலை செய்து, மழைக்கு முன் கூரையை மூடிவிட்டார். கட்டடம் தப்பித்தது.

பில் போட்டேன். அதற்குள் அந்த மேலதிகாரி மாறுதலில் போய்விட்டார். அடுத்து வந்தவர் கேட்டது மூன்றே கேள்வி. எழுத்தில் உத்தரவு எங்கே? கூரையை மூடுவதற்கு முன் அளவெடுத்தது எங்கே? விலை எப்படி வந்தது? மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. அளவுப் புத்தகத்தில், எம்-புக் என்போம், வேலை முடிந்த பிறகு எழுதிய அளவுதான் இருந்தது. மூடிய கூரைக்குள் எத்தனை சட்டம் புதிது, எத்தனை பழையது என்று யார் சொல்வது? அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

மூன்று வருடம் அந்தப் பணம் வரவில்லை. அந்த மனிதர் மனைவியின் நகையை அடகு வைத்தது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கடைசியில் ஒரு பகுதிதான் கிடைத்தது. ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ‘உங்க மேல கோபம் இல்ல சார். அன்னிக்கு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்திருக்கலாம்’ என்றார். அதன் பிறகு டீயும் வாங்கிக் கொடுத்தார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

நம்மில் பலர் ‘எக்ஸ்ட்ரா’ என்றாலே கான்ட்ராக்டர் நம்மை ஏமாற்றுகிறார் என்று எடுத்துக்கொள்கிறோம். காகிதம் இல்லாவிட்டால் அவரும் ஏமாறலாம். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான் அந்தக் காகிதம்.

இன்னொரு அதிகாரியையும் பார்த்திருக்கிறேன். அவர் எதற்கும் ‘கிடையாது’ என்பார். ஆடிட்டில் மாட்டாமல் ஓய்வு பெற வேண்டும் என்பது அவர் லட்சியம். ஒரு விடுதிக் கட்டடத்தில் சுவருக்குள் குழாய் கசிகிறது, மாற்றிவிட்டுப் பூசலாம் என்று கான்ட்ராக்டர் கேட்டார். எஸ்டிமேட்டில் பூச்சு மட்டும்தானே இருக்கிறது, பூசு என்றார் இவர். கசியும் குழாய் மேல் அழகாகப் பூசினார்கள். அடுத்த வருடமே பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது. ஆடிட்டில் ஒரு குறையும் இல்லை!

சரி, அரசு வேலையில் இதற்கு இவ்வளவு கெடுபிடி ஏன்? தமிழ்நாட்டில் 1998-இல் வந்த டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. பலரும் போட்டி போட்டு, அதில் ஒருவருக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். வேலை தொடங்கிய பிறகு சேர்க்கும் ஒவ்வொரு ஐட்டமும் போட்டி இல்லாமல் ஒருவருக்கே போகும் வேலை. சாரம் கட்டிவிட்டார், ஆள் இறங்கிவிட்டார், இனி அவரை விட்டால் நமக்கு வேறு வழி இல்லை. பேரம் பேசும் பலம் அவர் பக்கம் போய்விடுகிறது. நமக்கும் இது அப்படியே பொருந்தும்.

துறையில் மாற்றங்களைப் பிரித்துத்தான் பார்ப்போம். ஒப்பந்தத்தில் உள்ள அதே வேலை, அளவு மட்டும் கூடுவது ஒன்று. ஒப்பந்தத்திலேயே இல்லாத புது வேலை ஒன்று. இதற்குப் பதில் அது என்று மாற்றிப் போடுவது இன்னொன்று. மூன்றுக்கும் விலை போடும் விதம் வேறு. பழைய விலையிலேயே போவதால் அளவு கூடுவதை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் பெரிய பணம் அங்கேதான் போகும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். விலைகள் உதாரணத்துக்குத்தான். பூச்சு 1,000 சதுர மீட்டர், தூண்களில் பாலிமர் மார்ட்டர் 40 சதுர மீட்டர் என்று நாம் கேட்கிறோம். முதல் ஆள் பூச்சுக்கு 400 ரூபாய், பாலிமருக்கு 6,000 ரூபாய் போடுகிறார். மொத்தம் 6,40,000. இரண்டாம் ஆள் பூச்சுக்கு 490, பாலிமருக்கு 4,000. மொத்தம் 6,50,000. முதல் ஆளுக்குக் கொடுத்துவிடுவோம், 10,000 மிச்சம். தட்டிப் பார்த்தால் பாலிமர் வேலை 40 இல்லை, 200 சதுர மீட்டர். இப்போது முதல் ஆளின் பில் 16,00,000. இரண்டாம் ஆளாக இருந்தால் 12,90,000. அனுபவமுள்ள கான்ட்ராக்டர் கட்டடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தாலே எந்த ஐட்டம் கூடும் என்று கண்டுபிடித்துவிடுவார். அந்த ஒன்றில் மட்டும் விலையை ஏற்றி, மற்றதில் குறைத்துப் போடுவார். இதில் சட்ட விரோதம் எதுவும் இல்லை, பாருங்கள். அவர் நம்மைவிட நன்றாகப் பார்த்திருக்கிறார், அவ்வளவே.

இதற்கு மத்தியப் பொதுப்பணித் துறை ஒப்பந்தத்தில் 12-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. அளவு ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால், தாண்டிய அளவுக்குப் பழைய விலை செல்லாது, சந்தை விலையில் புதிதாக முடிவு செய்ய வேண்டும். கட்டட வேலைக்கு அந்த எல்லையைப் பெரும்பாலும் 30 சதவீதம் என்று எழுதுவார்கள். நம் ஒப்பந்தத்திலும் இந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி இது. கான்ட்ராக்டர் தெரியாமல் விலையைக் குறைத்துப் போட்டிருந்தால் அவரையும் காப்பாற்றும்.

நம் வேலையில் பாலிமருக்கு எவ்வளவு அளவு கொடுத்திருக்கிறோம் என்று நேற்று பார்த்தேன். மனம் ஒப்பவில்லை. கையெழுத்துக்கு முன் ஒருநாள் ஒதுக்கி, எல்லாத் தூண்களையும் பால்கனி அடிப்பகுதிகளையும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்போம். நல்ல கான்கிரீட் கணீரென்று கேட்கும், உள்ளே விட்டுப்போனது டொப்பென்று கேட்கும். டொப்பென்ற இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு அளப்போம். நாலைந்து இடத்தில் கொத்தி, கம்பி எவ்வளவு துரு பிடித்திருக்கிறது என்று பார்க்கலாம். புதிதாக உடைத்த இடத்தில் ஃபினாஃப்தலீன் தெளித்தால், நல்ல கான்கிரீட் ரோஸ் நிறமாக மாறும். நிறம் மாறாத ஆழம் வரைக்கும் கான்கிரீட் தன் காரத்தன்மையை இழந்துவிட்டது, கம்பிக்குப் பாதுகாப்பு போய்விட்டது என்று பொருள். பள்ளிக்கூட லேப் சமாச்சாரம்தான். ஒருநாள் சத்தம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அன்று கண்டுபிடிக்கும் ஒவ்வொரு சதுர மீட்டரும் பின்னால் ‘எக்ஸ்ட்ரா’ என்று வராது.

புது வேலைக்கு விலை எப்படிப் போடுவது? ‘மார்க்கெட் ரேட் சார்’ என்றால் ஏற்க வேண்டாம். பிரித்துக் கேளுங்கள். ஒரு சதுர மீட்டருக்குப் பொருள் 2,000, அதற்குக் கடை பில். ஆள்கூலி 1,200, எத்தனை கொத்தனார், எத்தனை சித்தாள், எத்தனை நாள். சாமான், மெஷின் வாடகை 300. ஆக 3,500. அதற்கு மேல் 15 சதவீதம் லாபமும் மேற்செலவும் என்பது அரசுக் கணக்கில் நெடுநாளாக உள்ள வழக்கம். 525 சேர்த்தால் 4,025. ஜிஎஸ்டி சேர்ந்ததா, தனியா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். கடைசியில் கேட்டால் 18 சதவீதம் இடிக்கும். அவருக்கு லாபம் கொடுக்கத் தயங்க வேண்டாம். லாபம் இல்லாத ஐட்டத்தில் யாரும் நல்ல வேலை செய்து நான் பார்த்ததில்லை.

மாற்றிப் போடுவதில் ஒரு எச்சரிக்கை. ‘அந்த பிராண்ட் கிடைக்கல, இதுவும் அதேதான்’ என்பார்கள். பழைய சுண்ணாம்புக் கட்டடங்களில் எனக்கு அடிக்கடி வந்த கோரிக்கை, சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்ட் போட்டுக்கொள்ளலாமா என்பது. சுண்ணாம்பை ஊறவைத்து, அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் பூசுவதற்குப் பொறுமை வேண்டும். சிமெண்ட் மறுநாளே கல்லாகிவிடும். ஆனால் பழைய செங்கல் சுவர் ஈரத்தை வெளியே விட வேண்டும். சிமெண்ட் பூச்சு அதை அடைத்து, உப்பு உள்ளேயே நின்று செங்கல்லைத் தின்னும். சேப்பாக்கத்தில் 2012 ஜனவரியில் தீப்பிடித்த கலச மஹாலைப் பொதுப்பணித் துறை மீட்டெடுத்தபோது சுண்ணாம்பிலேயே செய்தார்கள் என்றால், அது பழம்பெருமைக்காக அல்ல. நம் கட்டடம் கான்கிரீட், நமக்குச் சுண்ணாம்புக் கவலை இல்லை. ஆனால் கேள்வி அதேதான்: மாற்றம் யாருக்கு வசதி, கட்டடத்துக்கா, கான்ட்ராக்டருக்கா? அவர் வசதிக்கென்றால், விலை குறைய வேண்டும், குறைந்த பணம் நமக்குத் திரும்ப வேண்டும். விட்டுப்போன ஐட்டத்துக்குக் கழிவு கேட்க எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நானும் மறந்திருக்கிறேன்.

அவர் ஆள் தப்பாகச் செய்ததைத் திரும்பச் செய்வதற்கு எக்ஸ்ட்ரா கிடையாது. இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி நம் விஷயம். கசப்பாக இருக்கலாம். அரசுக் கட்டடத்தில் உத்தரவு போட ஒருவர்தான் உண்டு. நம் கட்டடத்தில் 72 வீடு, 72 இன்ஜினீயர். பெயின்ட் வேலையின்போது மாடியிலிருந்து நான் என் காதாலேயே கேட்டேன்: ‘மேஸ்திரி, சாரம் இங்கதானே இருக்கு, அப்படியே என் ஜன்னல் சஜ்ஜாவையும் கொஞ்சம் பாத்துடுங்க.’ மேஸ்திரிக்கு யார் கமிட்டி, யார் உறுப்பினர் என்று எப்படித் தெரியும்? எல்லோரும் அவருக்கு ‘ஹவுஸ் ஓனர்’தான். அந்தக் கொஞ்சம் கொஞ்சமெல்லாம் சேர்ந்ததுதான் 3,40,000-இல் ஒரு பெரிய பங்கு. பொருளாளரைக் கேள்வி கேட்டவர்களில் சிலருடைய சஜ்ஜாவும் அதில் இருந்தது. பெயர் சொல்ல மாட்டேன். என் வீட்டு பாத்ரூம் ஜன்னலும் இருந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

அதனால் நான் கமிட்டியிடம் கேட்பது இதுதான். மாற்றம் எதுவானாலும் ஒரு சீட்டு. அதில் என்ன கண்டார்கள், எந்த இடம், என்ன செய்யப் போகிறார்கள், எவ்வளவு அளவு, என்ன விலை, எத்தனை நாள் கூடுதல். நாள் கணக்கை விட்டுவிடாதீர்கள், பணத்தைவிட அதில்தான் பின்னால் சண்டை வரும். அளவு நாடா தெரியும்படி போட்டோ. மூடிப் பூசுவதற்கு முன் இரண்டு தரப்பும் சேர்ந்து அளவெடுத்துக் கையெழுத்து. எம்-புக்கில் அழிக்கக்கூடாது என்பது சட்டம். தப்பானால் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இடுவோம். இங்கும் அப்படியே செய்வோம். சீட்டில் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். 50,000 ரூபாய் வரை செயலாளரும் பொருளாளரும், அதற்கு மேல் கமிட்டி கூடி. அவசரத்துக்கு மட்டும் விதிவிலக்கு: தூண் ஆபத்தாகத் தெரிந்தால் உடனே முட்டுக் கொடுக்கட்டும், போட்டோ எடுக்கட்டும், சீட்டு 24 மணி நேரத்துக்குள் வரட்டும். முட்டுக் கொடுக்க யாரும் கமிட்டிக்காகக் காத்திருக்கக்கூடாது.

மொத்தத் தொகையில் 10 சதவீதத்தைத் தனியாக ஒதுக்கி வைக்கலாம். அந்தப் பணம் இருப்பதைக் கான்ட்ராக்டரிடம் சொல்ல வேண்டாம். வாட்ஸ்அப்பிலும் போட வேண்டாம், அது சொன்ன மாதிரிதான். இங்கே இத்தனை பேர் முன்னால் மைக்கில் சொல்லிவிட்டேன், அது வேறு விஷயம்.

(கூட்டத்தில் பி பிளாக் உறுப்பினர் ஒருவர், ‘கமிட்டி கூடுவதற்கு ஒரு வாரம் ஆகும், அதுவரை ஆட்கள் சும்மா உட்கார்ந்தால் அந்தக் கூலியை யார் கொடுப்பது?’ என்று கேட்டார்.)

நல்ல கேள்வி. நாம் தாமதித்தால் நாம்தான் கொடுக்க வேண்டும், அதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் கமிட்டிக்கும் கெடு வைக்க வேண்டும். சீட்டு வந்து மூன்று நாளில் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’. அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் வேலை செய்ய வழி இருந்தால், அதற்கு ஆட்களை மாற்றிக்கொள்வது கான்ட்ராக்டர் பொறுப்பு. இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுவோம். வேலை நடக்கும் மாதங்களில் நான் தினமும் காலை 7 மணிக்கு ஒரு சுற்று வருகிறேன், அளவெடுக்க. முழங்கால் ஒத்துழைக்கும்வரை. சாரம் ஏற மட்டும் இளைஞர் ஒருவர் துணைக்கு வேண்டும், பெயர் கொடுங்கள்.

சீட்டுப் புத்தகம் இரண்டு, மூன்று பிரதி வரும்படி, பிரஸ்ஸில் அடிக்கக் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை கிடைக்கும். செயலாளர் அதுவரை பேனாவை மூடியே வைத்திருக்கட்டும். தட்டிப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்கு, ஏ பிளாக் தூணிலிருந்து. சுத்தியல் இருப்பவர்கள் எடுத்துக்கொண்டு வாருங்கள்.